கோமுகத்துக்கு நான்கு கிலோமீட்டர்

கங்கோத்ரி ஆலயத்தைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்த கும்பகோணத்து அன்பர் ஒருவர் கடிதம் அனுப்பியுள்ளார். அவருக்கு வயது எழுபத்திரண்டு, துணைவியாருக்கு அறுபத்தெட்டு. "ஆலயத்தின் அருகு வரை காரிலேயே போய்விடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்து கங்கை பிறக்கும் கோமுகம் பதினெட்டு கிலோமீட்டர்தானாமே! நாங்கள் இருவரும் மெல்ல நடந்து போய்வர இயலுமா? தாங்கள் அங்கே சென்றதுண்டா?" என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை கூறிவிடுகிறேன். சென்றேன், ஆனால் போய்ச் சேரவில்லை. இதைச் சென்ற வாரமே எழுதியிருக்க வேண்டும். எழுதக் கூச்சமாக இருந்தது. அன்பர் நேரடியாகக் கேட்டுவிட்ட பிறகு மறைப்பது முறையன்று.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டு, செப்டம்பர் மாதத்தில், நானும் என் மனைவியும் புறப்பட்டோம். யாத்திரைக்கு ஒரு காரணம் இருந்தது. என் மூத்த சகோதரர் கோமுகத்திலிருந்து கங்கை நீர் கொணர்ந்து இராமேசுவரத்தில் இராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்விக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கென்றே சுவாமிமலையில் ஒரு செப்புச் செம்பு வாங்கி, மூடிக்குத் திருகு வைத்துப் பூஜை அறையில் வைத்திருந்தார். செம்பு இருந்தது, அவர் போய்விட்டார். அண்ணி அதை என் கையில் கொடுத்தபோது, "நீயாவது போய் வா தம்பி" என்று மட்டும் சொன்னார். வடக்கே கங்கை நீரெடுத்துத் தெற்கே சேதுவில் சேர்ப்பது நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்த காரியம் என்பதை அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி, வழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அன்பர் "பதினெட்டு கிலோமீட்டர்தானாமே" என்று எழுதியிருப்பதில் அந்தத் 'தானாமே' என்னைக் கவலைக்குள்ளாக்குகிறது. நானும் அப்படித்தான் எண்ணினேன்.

கங்கோத்ரி ஆலயமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டாச் சிகரம் 2,637 மீட்டர். அதாவது, தமிழ்நாட்டின் எந்த மலை உச்சியைக் காட்டிலும் உயரமான இடத்தில் நின்றுகொண்டுதான் நடையைத் தொடங்குகிறோம். ஒன்பது கிலோமீட்டரில் சீர்பாசா. அது சுமார் 3,600 மீட்டர். பதினான்காவது கிலோமீட்டரில் போஜ்பாசா, சுமார் 3,800. அங்கே இரவு தங்கி, மறுநாள் காலையில் எஞ்சிய நான்கு கிலோமீட்டரைக் கடந்தால் கோமுகம். அது 4,000 மீட்டரை ஒட்டியது. போஜ்பாசாவில் ஒவ்வொரு மூச்சிலும் நம் நுரையீரலுக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். கும்பகோணத்தில் பதினெட்டு கிலோமீட்டர் நடப்பவர் அங்கும் நடந்துவிடுவார் என்பது கணக்குக்கு ஒத்துவராது.

இந்த வழி முழுவதும் கங்கோத்ரி தேசியப் பூங்காவுக்குள் செல்கிறது. 1989ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பூங்கா இது. பனிச்சிறுத்தை வாழும் காடு. வனத்துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஓர் அடி வைக்க இயலாது. நாளொன்றுக்கு 150 பேருக்கு மட்டுமே அனுமதி. ஆலயத்தின் அருகே படிக்கட்டு ஏறித் தொடங்கும் பாதையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சென்றதும் கன்கூ என்னுமிடத்தில் சோதனைச் சாவடி உண்டு. எங்கள் பைகளைத் திறந்து, பிஸ்கட் உறைகள் உட்பட எத்தனை பிளாஸ்டிக் பொருள்கள் இருக்கின்றன என்று எண்ணிக் குறித்துக்கொண்டார் வனக்காவலர். திரும்பும்போது அத்தனையும் காட்டவேண்டும் என்றார். நாற்பது ஆண்டுகள் வங்கியில் எண்ணிக்கொண்டே இருந்த எனக்கு அந்தக் கெடுபிடி மிகவும் பிடித்திருந்தது.

பாதை மலையின் விலாவை வெட்டிப் போடப்பட்டது. போகும்போது இடக்கைப் பக்கம் மலைச்சுவர். வலக்கைப் பக்கம் பள்ளம். பள்ளத்தின் அடியில் பாகீரதி. தேவப்பிரயாகையில் அலகநந்தாவோடு கலந்த பிறகே 'கங்கை' என்ற பெயர். இங்கே அவள் பகீரதன் மகள். பல இடங்களில் இருவர் சேர்ந்து நடக்கலாம். சில இடங்களில் ஒருவர்தான். எதிரே பொதி சுமந்த மட்டக்குதிரைகள் வந்தால் மலைப்பக்கம் ஒதுங்கி நிற்கவேண்டும். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினால் பொதி இடித்துத் தள்ளிவிடும். கார்வாலைச் சேர்ந்த எங்கள் வழிகாட்டி இளைஞர் கற்றுத் தந்த முதல் பாடம் இதுதான்.

குறுக்கே ஓடிவரும் ஓடைகளின்மேல் மரக்கட்டைகளை அடுக்கிப் பாலம் செய்திருக்கிறார்கள். இவை பனியுருகி ஓடும் நீர். காலையில் கணுக்கால் அளவு இருப்பது, வெயில் ஏற ஏறப் பெருகிப் பிற்பகலில் இரைந்துகொண்டு ஓடும். பெருமழை பெய்தால் பாலமே இருக்காது. ஆகவேதான் விடியலில் புறப்பட வேண்டும் என்பது. நாங்கள் ஏழு மணிக்குப் புறப்பட்டோம். ஐந்தரைக்கே புறப்பட்டிருக்க வேண்டும்.

சீர்பாசா வரை வழியில் தேவதாரும் பைன் மரங்களும் நிழல் தருகின்றன. அதன் பிறகு மரம் குறைந்து, வெறும் பாறையும் சரளையுமாக இருக்கிறது. சீர்பாசாவுக்கும் போஜ்பாசாவுக்கும் இடையேதான் இவ்வழியின் மிக அபாயமான பகுதி. மேலேயுள்ள சரிவில் மண்ணும் கல்லும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவே தவிர, உறுதியாகப் பொருந்தியிருக்கவில்லை. இரவில் உறைந்த நீர் பகலில் உருகும்போது கற்கள் பிடி தளர்ந்து உருளுகின்றன. பிற்பகலில் காற்றும் சேர்ந்துகொள்கிறது. போதாக்குறைக்கு மேலே மலையாடுகள் மேய்கின்றன; அவற்றின் குளம்பு பட்டும் கற்கள் சரிகின்றன. அந்த ஆட்டுக்கு அவ்வூரார் வழங்கும் பெயர் 'பரல்'. நம் தமிழில் பரல் என்றால் பருக்கைக் கல். பரல் உதைத்துப் பரல் விழுகிறது என்று நான் மனைவியிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

அந்தப் பகுதியில் நிற்கக்கூடாது, பேசக்கூடாது, புகைப்படம் எடுக்கக்கூடாது, மேலே ஒரு கண் வைத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக விரைந்து கடக்க வேண்டும் என்றார் வழிகாட்டி. நாங்கள் பாதி கடந்தபோது மேலே சலசலவென்று ஓசை கேட்டது. "பாபுஜி, பைட்டோ!" என்று அவர் கத்தினார். பெரிய பாறை ஒன்றின் கீழ் மூவரும் குந்தினோம். தேங்காய் அளவில் நாலைந்து கற்கள் பாதையில் மோதித் தெறித்து ஆற்றுக்குள் போயின. எல்லாம் பத்து விநாடிக்குள் முடிந்துவிட்டது. ஐந்தெழுத்தை முழுதாக ஒருமுறை சொல்லி முடிக்கக்கூட எனக்கு நா எழவில்லை.

மாலை நாலரை மணிக்குப் போஜ்பாசா சேர்ந்தோம். 'போஜ்' என்பது பூர்ஜ மரம். அதன் பட்டையில்தான் வடநாட்டில் பண்டை நாளில் ஏடெழுதினார்கள். பெயரில் இருக்கும் மரம் ஊரில் அநேகமாக இல்லை. குளிருக்கு அஞ்சிய யாத்திரிகர்களுக்காக விறகாகிவிட்டது. மலையேற்ற வீராங்கனை ஹர்ஷ்வந்தி பிஷ்ட் அம்மையார் பல ஆண்டுகள் முயன்று அங்கே மீண்டும் பூர்ஜக் கன்றுகளை நட்டு வளர்த்திருக்கிறார். அவர் புண்ணியத்தில் சில இளமரங்களைக் கண்டோம். இறைவனைக் காணப் போனவர்களே அவன் தோட்டத்தை எரித்துவிட்டார்கள் என்பதை நினைக்கையில், நாளொன்றுக்கு 150 பேர் என்ற விதியின்மேல் எனக்குக் குறையேதும் தோன்றவில்லை.

அங்கே ஓர் ஆசிரமமும் அரசு விடுதியும் உண்டு. ஆசிரமத்தில் சூடாகக் கிச்சடி கொடுத்தார்கள். மனைவி இரண்டு வாய் உண்டு, போதும் என்று ஒதுக்கிவிட்டாள். களைப்பு என்று எண்ணிக்கொண்டேன். எதிரே பாகீரதிச் சிகரங்கள் மூன்றும் அந்தி வெயிலில் பொன் பூசியதுபோல் நின்றன. செம்பை எடுத்துத் துடைத்து வைத்தேன். மறுநாள் விடியலில் நான்கு கிலோமீட்டர்; எட்டு மணிக்குள் அண்ணாவின் வேண்டுதல் நிறைவேறிவிடும். என் மனத்தில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

இரவு அவள் உறங்கவில்லை. இருமுறை எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தாள். கேட்டதற்கு, "கிச்சடி ஒத்துக்கொள்ளவில்லை, நீங்கள் தூங்குங்கள்" என்றாள். காலையில் பாதணி அணிய எழுந்தவள் ஒருபக்கமாகச் சாய்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. "தலை கொஞ்சம் வலிக்கிறது. நான் இங்கேயே படுத்திருக்கிறேன். நீங்கள் போய் நீர் எடுத்துக்கொண்டு வாருங்கள். அண்ணாவின் காரியம், நின்றுவிடக்கூடாது" என்றாள்.

நான் என்ன செய்தேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். ஆசிரமத்து அம்மையார் ஒருவரிடம் அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். நாலும் நாலும் எட்டு கிலோமீட்டர், பதினொன்றரைக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வழிகாட்டி அதுவரை ஒன்றும் பேசவில்லை. கால் மணி நேரம் நடந்திருப்போம். அவர் நின்றார். "பாபுஜி, மாதாஜிக்குத் தலைவலி நேற்றுச் சீர்பாசாவிலேயே தொடங்கிவிட்டது. உங்களிடம் சொல்லவேண்டாம் என்று என்னிடம் சொன்னார். சொல்லாதது என் பிழை. இன்று காலை அவர் நடந்ததைப் பார்த்தீர்களா? குடித்தவர் நடப்பதுபோல் நடந்தார். இந்த மலையில் அப்படி நடப்பவரை உடனே கீழே இறக்க வேண்டும். நாம் திரும்பி வரும்வரை காத்திருக்கக்கூடாது" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி என்பதைப் பிறகு மருத்துவர்களிடம் கேட்டு அறிந்துகொண்டேன். உயரம் ஏறும்போது தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை முதல் எச்சரிக்கை. அவை வந்தால் மேலே ஏறக்கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, அசையாமல் அமர்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ, மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளவேண்டும். அது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியது. மருந்துகள் உண்டு, பிராணவாயு உருளைகள் உண்டு. ஆனாலும் தலையாய சிகிச்சை கீழே இறங்குவதுதான். உடல் வலுவுள்ள இளைஞருக்கும் இது வரும்; முன்பு வராதவருக்கு மறுமுறை வரும். யாருக்கு வரும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

எனக்கு வராமல் அவளுக்கு வந்ததற்கு யார் பொறுப்பு? ஊர் சுற்றிக் காட்டும் முகவர் முதலில் தந்த திட்டத்தில் கங்கோத்ரியில் இரண்டு இரவு தங்குவதாக இருந்தது. உடல் உயரத்துக்குப் பழகுவதற்கான ஏற்பாடு அது. விமானச் சீட்டு ஒருநாள் முன்னதாக மலிவாகக் கிடைத்தது என்பதற்காக, ஓர் இரவை அடித்துவிட்டவன் நான். மிச்சம் பிடித்த தொகை மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். ஆயிரம் கடன் விண்ணப்பங்களில் அபாயம் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டவன், சொந்த மனைவியின் விஷயத்தில் அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை.

கோமுகத்தை நோக்கி ஒருமுறை பார்த்தேன். அங்கிருந்து பனிமுகம் தெரியாது. இன்னும் நெடுந்தூரம் சென்றால்தான் சிவலிங்கச் சிகரமும் கண்ணுக்குப் புலப்படும் என்றார்கள். எனக்கு வெறும் கல்வெளியும் ஆற்றின் இரைச்சலும்தான் கிட்டின. திரும்பி நடந்தேன். நடந்தேன் என்று எழுதுகிறேனே தவிர, அந்த உயரத்தில் ஓடக்கூடாது என்று வழிகாட்டி பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தார்.

மட்டக்குதிரை ஒன்றை அமர்த்தி அவளை ஏற்றினோம். கல் விழும் பகுதியைக் காலை ஏழரை மணிக்கே கடந்துவிட்டோம். அந்த வேளையில் ஒரு கூழாங்கல்கூட உருளவில்லை. சீர்பாசாவில் தேநீர் கேட்டாள். அதற்கும் கீழே தேவதாருக்களின் நிழலுக்குள் வந்தபோது, "இறக்கிவிடுங்கள், நான் நடக்கிறேன்" என்றாள். ஐந்நூறு அறுநூறு மீட்டர் இறங்கியதில் போன உயிர் திரும்பி வந்ததைக் கண்முன் கண்டேன். கங்கோத்ரியில் அன்று மாலை மூன்று ரொட்டி சாப்பிட்டாள்.

வழியில் நான் பேசாமல் வருவதைப் பார்த்து அவளே தொடங்கினாள். அவளுக்குத் திருவையாறு பிறந்த ஊர். ஆடி அமாவாசை தோறும் அப்பர் பெருமானுக்குக் கயிலைக் காட்சி நடக்கும் ஊர். "அப்பரையே வழியில் நிறுத்தித் திரும்பிப் போகச் சொன்னார் சுவாமி. நாம் எம்மாத்திரம்? குளத்தில் முழுகித் திருவையாற்றில் எழுந்தார். கயிலாயம் அங்கேயே வந்துவிட்டதே" என்றாள். நான் உடனே சமாதானம் அடைந்துவிடவில்லை. கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பும் தேய்ந்து உருண்ட பிறகும் திரும்பமாட்டேன் என்று நின்றவர் அப்பர். ஒரு விமானச் சீட்டுக்காக ஓர் இரவைக் குறைத்தவன் அவர் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். அப்பர் தம் உடலைத் தேய்த்தார். அடுத்தவர் உடலை அல்ல. இதை அவளிடம் சொன்னபோது, "உங்களுக்கு எதிலும் தணிக்கை எழுதாவிட்டால் தூக்கம் வராது" என்றாள்.

மறுநாள் காலையில், பகீரதன் தவமிருந்ததாகச் சொல்லப்படும் பாறையின் அருகே, கங்கோத்ரிப் படித்துறையில் இறங்கிச் செம்பை நிரப்பினேன். விரல் நுனி மரத்துப்போகும் குளிர்ச்சி. பதினெட்டு கிலோமீட்டருக்கு மேலிருந்து வரும் அதே நீர்தான். ஆனாலும் அண்ணா சொன்னது கோமுகம். ஊர் திரும்பியதும் அண்ணியிடம் நடந்தது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அவளுக்கு இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?" என்றார். செம்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. அந்தத் தை மாதத்தில் மூவரும் இராமேசுவரம் சென்றோம். அபிஷேகம் சிறப்பாக நடந்தது.

கடிதம் எழுதிய அன்பருக்கு இனி முதல் கேள்விக்கான விடை. தங்கள் இதயமும் இரத்த அழுத்தமும் இடம் தரும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், மே இறுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரையோ, மழை ஓய்ந்த செப்டம்பரிலோ செல்லுங்கள். ஜூலை, ஆகஸ்டு வேண்டாம். உத்தரகாசியில் ஓர் இரவு, கங்கோத்ரியில் இரண்டு இரவு தங்குங்கள். மூன்றானால் இன்னும் நல்லது. முதல் நாள் கன்கூ வரை நடந்து திரும்பிப் பாருங்கள். இந்த நாலு கிலோமீட்டரில் உடல் என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும். கோமுகத்துக்குப் போனாலும் பனிமுகத்தின் அடியில் நிற்க ஆசைப்படாதீர்கள். பனிப்பாளங்கள் பிளந்து விழுகின்றன. 2016ஆம் ஆண்டு முகப்பில் பெரும் பகுதி இடிந்து ஆற்றில் போயிற்று. 1935இல் முறையாக அளக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பனியாறு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருக்கிறது. வனத்துறையினர் எங்கே நிறுத்துகிறார்களோ அங்கேயே நின்று வணங்குங்கள். அதற்கு அப்பால் தபோவனத்துக்கு ஏறும் செங்குத்து வழி நம் வயதுக்கு உரியதன்று. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

இருவருக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு புறப்படுங்கள். தலை வலித்தால் சொல்லிவிட வேண்டும். சொன்னவர்மேல் மற்றவர் வருத்தப்படக்கூடாது.

இதுவரை எழுதியதை வழக்கம்போல் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். பென்சிலை எடுத்து ஒரே ஓர் இடத்தில் கோடிட்டாள். தலைவலி சீர்பாசாவில் தொடங்கவில்லையாம். அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே தொடங்கிவிட்டதாம்.